கல்லூரி ஊரில் ‘காஸ்ட்லி’ ரெஸ்டாரன்ட் ஓடுமா? மணிப்பால் கற்றுத்தரும் கணக்கு

“மச்சான், காலேஜ் பக்கத்துல ஒரு நல்ல ரெஸ்டாரன்ட் போட்டா பிச்சுக்கிட்டு ஓடும்டா!”

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆன நண்பர்கள் கூடும் இடத்தில் இந்த வரியை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். ஒருவேளை, சொன்னதே நீங்களாகவும் இருக்கலாம். யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் இளைஞர்கள், கையில் ஃபோன், ஃபோனில் யுபிஐ, வாயில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய புலம்பல். இவர்களுக்கு ஏசி போட்ட, பார்க்க அழகான, சாப்பாடும் சுவையான ஓர் இடத்தைக் கொடுத்தால் வராமலா போய்விடுவார்கள்?

வருவார்கள். ஆனால் எப்போது, எத்தனை முறை, பில்லை யார் கட்டுவது? இந்த மூன்று கேள்விகளில்தான் உங்கள் சேமிப்பு (அல்லது அப்பாவின் பிஎஃப் பணம்) தங்குமா, கரையுமா என்பது இருக்கிறது. கர்நாடகத்தின் மணிப்பாலை உதாரணமாக வைத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், எதை ‘உயர்தர உணவகம்’ என்கிறோம்?

நட்சத்திர ஹோட்டலைச் சொல்லவில்லை. மேசைக்கு வந்து ஆர்டர் எடுப்பார்கள், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம், ஒருவருக்கு 600 முதல் 1,000 ரூபாய் வரை ஆகும். இந்தக் கட்டுரைக்கு அதுதான் அளவுகோல். பெருநகரங்களில் இது நடுத்தர விலை. சிறிய கல்லூரி ஊரில் இதுவே ‘காஸ்ட்லி’. அங்கே மாணவர்கள் இதற்கு ஒரு தனிப் பெயர் வைத்திருப்பார்கள்: “அப்பா அம்மா வந்தா போற இடம்.”

இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஏன் மணிப்பால்?

உடுப்பிக்குக் கிழக்கே சுமார் 5 கிலோமீட்டரில், மேட்டு நிலத்தில் இருக்கும் ஊர் மணிப்பால். டாக்டர் டி.எம்.ஏ. பை 1953-ல் இங்கே கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1957-ல் பொறியியல் கல்லூரி வந்தது. 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது. இன்று நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து படிக்கிறார்கள்.

இது கல்லூரியால் மட்டும் வாழும் ஊரும் அல்ல. பெரிய மருத்துவமனை இருக்கிறது. சிண்டிகேட் வங்கியின் தலைமையகம் பல பத்தாண்டுகள் இங்கேதான் இருந்தது. 2020 ஏப்ரல் 1-ல் அந்த வங்கி கனரா வங்கியோடு இணைந்தது. பக்கத்திலேயே கோயில் நகரமான உடுப்பி. அதைத் தாண்டினால் மல்பே மீன்பிடித் துறைமுகம், கடற்கரை. சுமார் 60 கிலோமீட்டரில் மங்களூரு.

சுருக்கமாக, மாணவர், மருத்துவர், பேராசிரியர், நோயாளியின் உறவினர், பக்தர், சுற்றுலாப் பயணி, உள்ளூர்க் குடும்பம் என எல்லா வகை வாடிக்கையாளர்களும் பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கிறார்கள். கல்லூரி ஊரில் உணவகம் எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடைப்பது கடினம்.

நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக நாம் ‘உடுப்பி ஹோட்டல்’ என்று சொல்லிச் சாப்பிட்ட இட்லி, தோசை, காபிக் கடைகளின் வேர் இந்த மண்ணில்தான். அதாவது, நீங்கள் கடை போட நினைக்கும் ஊரில், குறைந்த விலைக்கு மிக நல்ல சாப்பாடு ஏற்கனவே கிடைக்கிறது. வெறும் சுவையை வைத்து அங்கே ஜெயிக்க முடியாது.

மாணவர்கள் ஏன் தினமும் வருவதில்லை?

காரணம் ஒன்று: மெஸ் கட்டணம். விடுதி மாணவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள். எனவே மெஸ்ஸில் சாப்பிடும் அடுத்த வேளைக்கு அவர்கள் கையிலிருந்து போவது பூஜ்யம். உங்கள் உணவகத்தில் சாப்பிட்டால் 700 ரூபாய். பசிக்காக யாரும் இந்த வித்தியாசத்தைக் கொடுக்க மாட்டார்கள். பிறந்தநாள், பிளேஸ்மென்ட் ட்ரீட், செமஸ்டர் முடிந்த கொண்டாட்டம், முதல் டேட் என்று ஏதாவது காரணம் வேண்டும்.

காரணம் இரண்டு: நேரம். பல விடுதிகளில் இரவு திரும்ப வேண்டிய நேரம் இருக்கிறது. அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில், ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வந்து இறங்குவார்கள். ஆறு மணிக்கு மேசைகள் காலி. எட்டு மணிக்கு வாசலில் வரிசை.

காரணம் மூன்று: மேசைக் கணக்கு. எட்டுப் பேர் வருவார்கள், நான்கு டிஷ் சொல்வார்கள், இரண்டு மணி நேரம் இருப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் பட்ஜெட் அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் அந்த மேசையில் வேறு யாரும் உட்கார முடியாது.

காரணம் நான்கைத்தான் பலர் கவனிப்பதில்லை. நான்கு வருடப் படிப்பு என்றால், ஒவ்வொரு ஆண்டும் உங்கள் மாணவ வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். பெருநகரத்தில் ஒரு நல்ல வாடிக்கையாளரைப் பிடித்தால் பத்து வருடம் வருவார். இங்கே அதிகபட்சம் நான்கு. ஆகஸ்ட் வந்தால் மறுபடி முதலிலிருந்து அறிமுகம்.

அப்படியானால் பில் கட்டுவது யார்?

இப்போது அந்தப் பெயரை நினைத்துப் பாருங்கள்: ‘அப்பா அம்மா வந்தா போற இடம்.’

மகளைக் கல்லூரியில் சேர்க்க டெல்லியிலிருந்தோ கொச்சியிலிருந்தோ பெற்றோர் வருகிறார்கள். அட்மிஷன் வேலை முடிந்து சாயங்காலம் விடுதி வாசலில் நிற்கும்போது, “இங்க நல்ல ஹோட்டல் எது?” என்று கேட்கிறார்கள். அடுத்த முறை செமஸ்டர் நடுவில் வரும்போது அதே கேள்வியை மகளிடம் கேட்பார்கள். இடத்தைத் தேர்ந்தெடுப்பது மகள். பணம் கட்டுவது அப்பா. அந்த மேசையில் விலையைப் பார்த்து யாரும் தயங்குவதில்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ஆகவே, செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பிரவுனியை மூன்று ஸ்பூன் வைத்துச் சாப்பிடும் மாணவிகளிடம் உங்கள் சர்வர் முகம் சுளித்தால், நஷ்டம் அந்த பிரவுனியோடு நிற்காது. அடுத்த மாதம் வரவிருக்கும் மூன்று குடும்பங்களின் பில்லையும் சேர்த்து இழக்கிறீர்கள்.

இரண்டாவது வகை, சம்பளக்காரர்கள். மருத்துவர்கள், பேராசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கருத்தரங்குக்கு வரும் விருந்தினர்கள். இவர்கள் வார நாட்களிலும் வருவார்கள். இவர்களுக்குத் தேவை அமைதி. பக்கத்து மேசையில் இருபது பேர் ‘ஹாப்பி பர்த்டே’ பாடினால் அடுத்த முறை வர மாட்டார்கள். கொண்டாடும் மாணவர் கூட்டத்துக்குத் தனிப் பகுதியோ மாடியோ ஒதுக்குவது இந்த ஊர்களில் ஆடம்பரம் இல்லை, அடிப்படைத் தேவை.

மூன்றாவது வகை, உள்ளூர்க் குடும்பங்கள். கல்யாண நாள், குழந்தையின் பிறந்தநாள், வெளிநாட்டிலிருந்து வந்த மாமா. இவர்களுக்கு செமஸ்டர் இல்லை, தேர்வு இல்லை, கோடை விடுமுறை இல்லை. பட்டம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போவதும் இல்லை.

கல்லூரி ஊரில் ஓர் உயர்தர உணவகம் நிலைப்பது இந்த மூன்றாவது வகையால்தான். ஏன் என்று எண்களை வைத்துப் பார்த்தால் புரியும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?

இது எந்தக் கடையின் உண்மையான கணக்கும் அல்ல, புரிந்துகொள்வதற்கான உதாரணம். உங்கள் ஊரின் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

- இருக்கைகள்: 60
- வாடகை, சம்பளம், மின்சாரம், பராமரிப்பு, கடன் தவணை என மாதம் தவறாமல் போகும் செலவு: 8 லட்சம் ரூபாய்
- ஒருவரிடம் கிடைக்கும் சராசரி வருமானம் (வரி நீங்கலாக): 700 ரூபாய்
- அதில் மளிகை, இறைச்சி, காய்கறி, எரிவாயு 35 சதவீதம்: 245 ரூபாய்
- டிஷ்யூ, கார்டு கட்டணம், சேதாரம் போன்றவை 5 சதவீதம்: 35 ரூபாய்
- கையில் நிற்பது: ஒருவருக்கு 420 ரூபாய்

8 லட்சத்தை 420-ஆல் வகுத்தால் 1,905. மாதம் 1,905 பேர் வந்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நாளுக்கு 64 பேர். அறுபது இருக்கை உள்ள கடையில் மதியமும் இரவும் சேர்த்து 64 பேர்தானே, சும்மா வருவார்கள் என்று தோன்றும். பலர் கணக்கை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு இன்டீரியர் டிசைனரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். கல்லூரி நடக்கும் 8 மாதங்களில் வார நாளுக்கு 40 பேர், சனி ஞாயிறில் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 880 கூட்டல் 960, மொத்தம் 1,840. வார இறுதியில் கடை நிரம்பி வழிந்தும், மாதக் கணக்கில் கொஞ்சம் குறைகிறது.

விடுமுறை, தேர்வு வாரங்கள் எல்லாம் சேர்ந்து 4 மாதங்கள். அப்போது நாளுக்கு 25 பேர், மாதம் 750.

ஆண்டு மொத்தம்: 14,720 கூட்டல் 3,000, அதாவது 17,720 பேர். தேவை 22,860 பேர். 5,140 பேர் குறைகிறார்கள். ரூபாயில் சுமார் 21.6 லட்சம் நஷ்டம்.

சனிக்கிழமை இரவு வாசலில் வரிசை நிற்கும் கடை ஏன் ஒன்றரை வருடத்தில் ‘டு லெட்’ பலகை மாட்டுகிறது என்பதற்கு இதுதான் விடை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சனிக்கிழமையை மட்டும் பார்க்கிறார்கள்.

சரி, பெற்றோர் வருகையால் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியுமா? சேர்க்கை, பட்டமளிப்பு, கலைவிழா என ஆண்டில் 12 விசேஷ நாட்களில், வழக்கமான வார இறுதியைவிட 80 பேர் கூடுதலாக வந்தாலும் கிடைப்பது 960 பேர்தான். உதவும், போதாது.

இப்போது 5,140-ஐ 365-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 14 பேர். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் மூன்றரை மேசை. தினமும் மதியத்துக்கும் இரவுக்கும் சேர்த்து, உள்ளூரிலிருந்து மூன்று நான்கு குடும்பங்கள் வந்தால் பள்ளம் மூடிவிடுகிறது. அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம்.

மூடுவிழாவுக்கும் ஐந்தாம் ஆண்டு விழாவுக்கும் நடுவில் இருப்பது அந்த மூன்றரை மேசைதான்.

ஜூன், ஜூலையை எப்படித் தாண்டுவது?

மணிப்பாலில் இந்த இரண்டு மாதங்கள் நல்ல பாடம். மூன்று அடிகள் ஒன்றாக விழுகின்றன.

ஒன்று, கோடை விடுமுறை. கல்லூரிக்குக் கல்லூரி தேதி மாறினாலும், மாணவர் கூட்டம் இந்த மாதங்களை ஒட்டித்தான் குறைகிறது.

இரண்டு, மழை. உடுப்பிப் பகுதியில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். ‘ரூஃப்டாப்’ என்று நீங்கள் ஆசையாகக் கட்டிய இடம் அந்த நாட்களில் வெறும் மொட்டை மாடி.

மூன்று, மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம்: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாட்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வஞ்சிரம் (அங்கே ‘அஞ்சல்’) விலை ஏறும், கிடைப்பதும் குறையும். கடல் உணவுதான் உங்கள் அடையாளம் என்றால் மெனுவே ஆட்டம் காணும்.

இதோடு இன்னொன்றும் சேரும். துளு மக்களின் ‘ஆட்டி’ மாதம், நம் ஆடிதான். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. நம்மைப் போலவே அவர்களும் அந்த மாதத்தில் சுபகாரியங்களைத் தவிர்ப்பார்கள். பார்ட்டி ஹால் வருமானமும் இருக்காது.

தாக்குப்பிடிக்கும் கடைக்காரர் இந்த மாதங்களை எதிர்த்துச் சண்டை போடுவதில்லை. அவற்றுக்கு ஏற்றபடி ஆண்டைத் திட்டமிடுகிறார். ஊழியர்களின் நீண்ட விடுப்பு, பெயின்ட், கிச்சன் பழுதுபார்ப்பு எல்லாம் இந்த நேரத்துக்குப் போகும். வாடகை ஒப்பந்தம் போடும்போதே, “இந்த ரெண்டு மாசம் பாதி வாடகை, மத்த மாசங்கள்ல கொஞ்சம் கூட்டிக்கலாம்” என்று பேசிப் பார்ப்பார். உரிமையாளர் எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கேட்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்தான், பின்னால் இல்லை.

உள்ளூர்க்காரர்கள் மழைக்காலத்தில் விரும்பிச் சாப்பிடுவதை மெனுவில் கொண்டுவருவது இன்னொரு வழி. சேப்பங்கிழங்கு இலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைக்கும் பத்ரொடே, மூங்கில் குருத்துப் பண்டங்கள் எல்லாம் அந்தப் பருவத்துக்கே உரியவை. வீட்டில் செய்ய நேரமில்லாத குடும்பம் அதற்காகவே கிளம்பி வரும். மீன் இல்லாத மாதத்தில், மாணவர் இல்லாத மாதத்தில், அந்த மூன்றரை மேசையை நிரப்பும் சாப்பாடு இதுதான்.

இவை எல்லாம் செய்தும் பணம் குறையும். நம் உதாரணக் கணக்கில் மந்தமான ஒரு மாதத்தில் கையில் நிற்பது 3.15 லட்சம், செலவு 8 லட்சம். மாதம் 4.85 லட்சம் குறைகிறது. இரண்டு மாதத்துக்கு 9.7 லட்சம். திறப்பு விழா அன்று இந்தத் தொகை தனிக் கணக்கில், தொடாமல் இருக்க வேண்டும். இத்தாலியன் டைல்ஸுக்கு இதை எடுத்தால் அடுத்த ஜூலையில் சம்பளம் போட முடியாது.

மெனுவில் என்ன இருக்க வேண்டும்?

ஏணி மாதிரி இருக்க வேண்டும். 150, 200 ரூபாயில் மாணவர் தொடக்கூடிய முதல் படி. மூன்று நான்கு பேர் பகிர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு அடுத்த படி. பெற்றோர் வரும்போது ஆர்டர் செய்யும் சிறப்பு உணவு மேல் படி. மேல் படி மட்டும் இருந்தால் மாணவர் உள்ளேயே வர மாட்டார்; வராதவர் பெற்றோரை அழைத்துவரவும் மாட்டார்.

வார நாள் மதியத்துக்குத் தனி விலையில் ஒரு செட் லஞ்ச் வையுங்கள். மருத்துவரும் பேராசிரியரும் 45 நிமிடத்தில் சாப்பிட்டுக் கிளம்பும்படி அது இருக்க வேண்டும். ஏசியும் சமையல்காரரும் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காலி நாற்காலிக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

இன்னொன்று, ‘அந்த ஊருக்குப் போனால் இதைச் சாப்பிடாமல் வராதே’ என்று சொல்லவைக்கும் ஓர் ஐட்டம். உடுப்பி டயானா உணவகத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் ‘கட்பட்’ ஐஸ்கிரீம் அப்படிப்பட்டது. வடக்கே குந்தாப்புராவில் ஷெட்டி லஞ்ச் ஹோமின் சிக்கன் நெய் ரோஸ்ட் இன்னொன்று. அது இன்று நாடு முழுக்க மெனுக்களில் இருக்கிறது. படித்து முடித்துப் போனவர்கள் பத்து வருடம் கழித்துக் குடும்பத்தோடு வரும்போது தேடுவது இப்படி ஒன்றைத்தான். பாஸ்தாவும் பனீர் டிக்காவும் பெங்களூரிலேயே கிடைக்கும்.

சமைப்பது யார், பரிமாறுவது யார்?

நல்ல செஃப்கள் பெருநகரத்தைவிட்டு வரத் தயங்குவார்கள். மணிப்பாலுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. ஐடிசியின் வெல்கம்குரூப் பெயரில் 1980-களில் தொடங்கிய ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி அங்கே இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற செஃப் விகாஸ் கன்னா அங்கே படித்தவர்தான். பயிற்சிக்கு ஆள் கிடைப்பதும், சுவையைப் பற்றிப் பேசத் தெரிந்த வாடிக்கையாளர்கள் கிடைப்பதும் இதனால் எளிது.

ஆனால் மாணவர்களைப் பகுதிநேர ஊழியர்களாக மட்டுமே நம்பினால் சிக்கல்தான். தேர்வு வாரத்தில் அவர்களும் இருக்க மாட்டார்கள். சமையலறையின் முதுகெலும்பாக மூன்று நான்கு நிரந்தர ஆட்கள் வேண்டும். மந்தமான மாதத்திலும் அவர்களுக்குச் சம்பளம் போக வேண்டும். அவர்கள் போனால் கைப்பக்குவமும் கூடவே போகும். ருசி மாறியதை முதலில் கண்டுபிடிப்பவர்களும் அந்த உள்ளூர்க் குடும்பங்கள்தான்.

ஜிஎஸ்டி, சேவைக் கட்டணம், டெலிவரி: என்ன கவனிக்க வேண்டும்?

ஜிஎஸ்டி: தனியாக இயங்கும் உணவகத்துக்கு 5 சதவீதம். ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அதாவது கடை வாடகைக்கும், இன்டீரியர் வேலைக்கும் நீங்கள் கட்டும் 18 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள முடியாது. 1.5 லட்சம் வாடகை உண்மையில் 1.77 லட்சம். திட்ட அறிக்கையில் பலர் விட்டுவிடும் வரி இது.

சேவைக் கட்டணம்: உணவகங்கள் இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை விடுங்கள், எட்டுப் பேர் ஃபோனை எடுத்து பில்லைப் பைசா சுத்தமாகப் பிரிக்கும் ஊரில், கேட்காமல் சேர்த்த 10 சதவீதம் அன்றிரவே கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும்.

டெலிவரி: ஸ்விக்கி, ஜொமேட்டோ கமிஷன் கால் பங்கு என்று வைத்துக்கொண்டால், 700 ரூபாய் ஆர்டரில் 175 போய்விடும். கையில் நிற்கும் 420 ரூபாய், 245 ஆகிவிடும். தேர்வு நேரத்து இரவுகளில் சமையலறையைச் சும்மா வைக்காமல் இருக்க இது உதவும். ஆனால் மக்கள் உங்களுக்குக் கூடுதல் விலை கொடுப்பது அந்த இடத்துக்கும் உபசரிப்புக்கும். டப்பாவில் அதைப் போட்டுக் கொடுக்க முடியாது.

மது: பில் தொகை ஏறும் என்பது உண்மை. ஆனால் உரிமக் கட்டணம், வயது வரம்பு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச வயது 21. அந்த விதியில் இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் அடங்கமாட்டார்கள். எந்த ஊரானாலும், பார் மாதிரித் தெரியும் இடத்துக்குக் குழந்தைகளோடு வரும் குடும்பம் குறையும். எதைக் கொடுத்து எதை வாங்குகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கல்லூரி ஊரும் ஒன்றுதானா?

இல்லை. ‘மாணவர் போன பிறகு ஊரில் யார் இருக்கிறார்கள்?’ என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்டுப் பாருங்கள், பதில் மாறும்.

வேலூர்: விஐடி ஒருபக்கம், சிஎம்சி மருத்துவமனை மறுபக்கம். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகளும் உறவினர்களும் ஆண்டு முழுக்க வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றி வங்காளச் சாப்பாட்டுக் கடைகள் இருப்பது அதனால்தான். செமஸ்டரைச் சாராத கூட்டம் அது. ஆனால் சிகிச்சைக்கு வந்தவர்கள் செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். உயர்தர உணவகம் அவர்களை நம்பி இருக்க முடியாது.

பிலானி: ராஜஸ்தானில் பிட்ஸ் இருக்கும் சிறிய ஊர். வளாகத்தைத் தாண்டிய வாடிக்கையாளர் வட்டம் சின்னது. இங்கே 60 இருக்கை அதிகம். 25 இருக்கையோடு தொடங்குவது புத்திசாலித்தனம்.

காரக்பூர்: ஐஐடியும், பெரிய ரயில்வே குடியிருப்பும் உண்டு. மாதச் சம்பளக் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்தில் கொல்கத்தா. பெரிய கொண்டாட்டங்களை அந்த நகரம் இழுத்துக்கொள்ளும்.

வல்லப் வித்யாநகர்: குஜராத்தின் ஆனந்துக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரி நகரம். மதுவிலக்கு மாநிலம் என்பதால் பான வருமானத்தை நம்ப முடியாது. மாறாக, வெளிநாடு வாழ் குஜராத்திக் குடும்பங்கள் குளிர்காலத்தில் சொந்த ஊருக்கு வருகின்றன. டிசம்பரில் மாணவர் விடுமுறைக்குப் போனாலும் மேசை நிறைய வாய்ப்புண்டு.

பணம் போடுவதற்கு முன் என்ன செய்யலாம்?

1. அந்த ஊரின் முக்கியக் கல்லூரிகளின் கல்வி நாட்காட்டியைப் பதிவிறக்கி, தேர்வு, விடுமுறை, சேர்க்கை, பட்டமளிப்பு நாட்களை ஒரே தாளில் குறியுங்கள். மழை, உள்ளூர் திருவிழா, சுபகாரியம் இல்லாத மாதம் ஆகியவற்றை அதன்மேல் போடுங்கள்.
2. மேலே உள்ள கணக்கை உங்கள் வாடகை, உங்கள் சம்பளச் செலவோடு மறுபடி போடுங்கள். உள்ளூரிலிருந்து நாளுக்கு எத்தனை மேசை வேண்டும் என்ற ஒரே எண்ணைக் கண்டுபிடியுங்கள்.
3. உள்ளூர்க் குடும்பங்கள் கொண்டாட்டத்துக்கு இப்போது எங்கே போகிறார்கள் என்று பத்து வீட்டில் கேளுங்கள். “நாங்க மங்களூருக்குப் போயிடுவோம்” என்று பலர் சொன்னால், உங்களுக்கு இடம் இருக்கிறது.
4. மந்தமான மாதங்களுக்கான தொகையை முதலிலேயே தனியாக ஒதுக்குங்கள். அது இல்லையென்றால், இருக்கையைக் குறையுங்கள், அல்லது தொடக்கத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த ஊருக்கு இரண்டு முறை போய் வாருங்கள். ஒருமுறை, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. எல்லாக் கடையிலும் கூட்டம் இருக்கும். உங்கள் நண்பர் உங்களை அழைத்துப்போய்க் காட்டுவது இந்த நாளைத்தான். இன்னொரு முறை, ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை கொட்டும்போது, அதே எட்டு மணிக்கு. அங்கே திறந்திருக்கும் நல்ல உணவகத்தில் உட்கார்ந்து, எத்தனை மேசையில் ஆள் இருக்கிறது, அவர்கள் யார் என்று எண்ணுங்கள். கடை ஆரம்பிப்பதா வேண்டாமா என்பதை அந்தச் செவ்வாய்க்கிழமை எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.